மசாலை மில்லுக்கு முதலாளி யார்?

இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான்!

அதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்வது என்று வீட்டில் சட்டை போடும்போதே முடிவு செய்துகொண்டு வந்தேன். சொல்லிவிட்டேன். இனி வணக்கம்.

அவைக்குத் தலைமை தாங்கி, அளவோடு பேசுங்கள் என்று என் காதோடு அன்பாய்ச் சொல்லி அமர்ந்திருக்கும் ரயில்வே ஆபீஸ் பெரியவர், பண்பாளர் பொன்னுதுரை ஐயா அவர்களே! தம் வீட்டுப் பின்கொட்டகையை மனம் உவந்து தந்து, மிளகாய் நெடியில் நாலு வருடம் தும்மித் தும்மியே நம்மைத் தாங்கிய செட்டி கம்போங் செம்மல் தேவதாஸ் பிள்ளை அவர்களே! தலைமுறை தலைமுறையாய் மலாய் பேசும் குடும்பம், அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. எல்லாவற்றையும் பிறகு மலாயில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அழைத்து வந்திருக்கிறேன். என் மலாய் கேட்டால் அவருக்குத் தும்மல் மேல் என்று தோன்றினாலும் தோன்றும்! சிங்கப்பூரிலிருந்து கையில் காகிதமும் கண்ணில் கண்ணாடியுமாய் வந்து, இன்று நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட ஆராய்ச்சி மாணவர் தம்பி சேதுராமன் அவர்களே! பெரியோர்களே! தாய்மார்களே! தாய்மார்களுக்குப் பின்னால் நின்று எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று எட்டிப் பார்க்கும் தோழர்களே! இந்தக் காஜா பெராங் மண்ணில் இன்று கதவு திறந்திருக்கும் ஐந்தாம் நம்பர் கடையின் சொந்தக்காரிகளாகிய எட்டுத் திருமகள்களே! உங்கள் அனைவருக்கும் கலியாணசுந்தரத்தின் கைகூப்பிய வணக்கம்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான். ஆனால் அந்த மூன்றையும் முழுதாகப் படித்தவன். ஆகவே ஒரு பெரிய விஷயத்தைச் சிறிய வாயால் சொல்லப் போகிறேன். பொருளாதாரம் என்கிறார்கள், நிர்வாகம் என்கிறார்கள், தொழில்முனைப்பு என்கிறார்கள். மனிதனுக்குத் தொழில் செய்யும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? அவன் ரத்தத்திலிருந்தா? அவன் ராசியிலிருந்தா? அல்லது அவன் எந்த ஏற்பாட்டுக்குக் கீழே வளர்ந்தானோ அங்கிருந்தா? அந்தத் துணிச்சலை அளக்க வருகிறவர் கையில் இருக்கும் அளவுகோல் எந்த ஊரில் செய்தது? இந்த இரண்டு கேள்விதான் என் பேச்சு.

இரண்டு வருடம் முன்பு, இதே மலாக்காப் பாடாங் திடலில், சுதந்திரம் வரப்போகிறது என்ற சேதி முழங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு லட்சம் பேர் கூடினார்கள்! சரி, ஐயா என்னைப் பார்க்கிறார். எண்ணவில்லை, நிறையப் பேர் கூடினார்கள். அன்று மாலை கோப்பிக்கடையில் உட்கார்ந்து நான் சொன்னேன்: "துரை போவான். தாள் வரும். அந்தத் தாளில் ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள்ளே நம்மாள் அடங்கமாட்டான்." சொன்னேனா இல்லையா? அந்தக் கோப்பிக்கடைக்காரர் இப்போது ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார், அதனால் சாட்சி இல்லை. ஆனாலும் சொன்னேன்!

இப்போது கதைக்கு வருகிறேன்.

இங்கே முன்வரிசையில், பச்சைச் சேலையில், தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாரே கமலவேணி, அவர் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றார்கள். துண்டு வாங்கியவர்களுக்கு மரம் வேண்டும், மனிதர் வேண்டாம். லயத்து வீடு போனது. மூன்று பிள்ளைகளோடு டவுனுக்கு வந்தார். அவரைப் போலவே வந்த இன்னும் ஏழு பேர். எட்டுப் பேரும் சேர்ந்து, கிளேபாங்கில் மூடிப்போன ஒரு மில்லில் துருப்பிடித்துக் கிடந்த அரைக்கும் மெஷினைக் கொண்டுவந்து பிள்ளையவர்கள் கொட்டகையில் வைத்தார்கள். அந்த மெஷினை ஒற்றைக் கையால் கொண்டுவந்தவன் யார்? இந்தக் கலியாணசுந்தரம்!

யார் அங்கே? "லோரியில வந்துச்சு மாமா" என்கிறது ஒரு குரல். லோரியில்தான் வந்தது. அந்த லோரியைக் கைகாட்டி நிறுத்தியது யார்? எத்தனை கையால் நிறுத்தினேன்? கேள்வி கேட்பவர்கள் முழுதாகக் கேட்க வேண்டும்!

நாலு வருடம் அந்த மெஷின் ஓடியது. மல்லி மணத்தது, மஞ்சள் மணத்தது, மிளகாய் மணத்தது. இந்தக் காஜா பெராங்கில் யார் வீட்டுக் குழம்பு கொதித்தாலும் அதில் இந்த எட்டுப் பேர் கைவாசம் இருந்தது. அப்படி இருக்கையில் நகரசபை ஆபீஸிலிருந்து வந்தது ஓர் அறிவிப்பு. சாக்கடையை அகலப்படுத்துகிறார்கள், கொட்டகை இடிபடும். தெருக்கோடியில் புதிதாய் ஒரு கடை வரிசை கட்டுகிறார்கள். இடம் வேண்டுபவர்கள் எழுதிப் போடலாம். யாருக்குக் கொடுப்பது? உண்மையான தொழில் நடத்துபவர்களுக்குத்தான். யார் உண்மையான தொழில் நடத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஆராய்ச்சி செய்து பார்க்க ஒருவர் வருகிறார், அவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வோம் என்றது ஆபீஸ்.

அவர்தான் இந்தத் தம்பி சேதுராமன். வந்தார். நாற்பத்திரண்டு கேள்வி உள்ள ஒரு தாளோடு வந்தார். அந்தத் தாள் எங்கே பிறந்தது? பனி கொட்டும் நாட்டில், கதவைச் சாத்திக்கொண்டு கணப்படுப்பருகே வேலை செய்யும் கம்பெனிகளுக்காகப் பிறந்தது. குளிருக்குத் தைத்த கோட்டு அது. அதை மலாக்கா வெயிலில் மிளகாய் வறுக்கும் பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? கை நுழையாது. கை நுழையவில்லை என்றால் கோட்டு தப்பு என்றா எழுதுவார்கள்? இவளுக்குக் கை இல்லை என்று எழுதுவார்கள்!

நான் பக்கத்திலேயே இருந்தேன். முக்கியமான கேள்வி எதற்கும் நான் பக்கத்தில் இருப்பது வழக்கம். தம்பி கேட்டார்:

"அக்கா, இந்த மில்லுக்கு முதலாளி யாரு?"

கமலவேணி சொன்னார்: "முதலாளியா? அப்படியெல்லாம் யாரும் இல்ல தம்பி."

"சரி, மேனேஜர்?"

"ஐயோ, அதெல்லாம் பெரிய பேச்சு."

"அப்ப வேலைய யார் சொல்றாங்க?"

"யார் சொல்லணும்? மிளகா வருது, அரைக்கிறோம்."

அடுத்து அஞ்சலையிடம் போனார். அஞ்சலையை உங்களுக்கெல்லாம் தெரியும். பசாரில் அவர் மீன் பேரம் பேசினால் கடலில் இருக்கும் மீன் காதைப் பொத்திக்கொள்ளும். அந்த அஞ்சலை, அன்று ஊமை மாதிரி நின்றார். நின்று, மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் தம்பி, என்னா தப்பு நடந்துச்சு?"

கவனியுங்கள்! முதலாளி யார் என்று கேட்டால், என்ன தப்பு நடந்தது என்று திருப்பிக் கேட்கிறார். எட்டுப் பேரிடமும் கேட்டார் தம்பி. எட்டுப் பேரும் இல்லை, இல்லை, இல்லை. தம்பியும் நேர்மையான பிள்ளை, அப்படியே எழுதினார். ஆபீஸுக்குப் போன காகிதத்தில் இருந்தது இதுதான்: 'இங்கே தொழில் என்று ஒன்று இல்லை. பழக்கத்தினால் கூடி வேலை செய்யும் சில பெண்கள் இருக்கிறார்கள்.'

கேட்டீர்களா! நாலு வருடம் ஓடிய மெஷினை நாலு எழுத்தில் நிறுத்திவிட்டது காகிதம்.

மறுநாள் காலை நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கமலவேணி வந்து நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அண்ணே, குருபோங் பக்கம் பால் வெட்ட ஆள் எடுக்கிறாங்களாம். கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா? வீடு தரமாட்டாங்களாம். பிள்ளைங்கள எங்கயாச்சும் விட்டுட்டுப் போயிடுவேன்" என்றார்.

"பிள்ளைகள எங்க விடுவ?" என்றேன்.

"அதான் தெரியல."

கோப்பி ஆறிப்போனது. நான் கோப்பியை ஆறவிட்டவன் அல்ல. "ஏம்மா, நான்தான் நடத்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

அவருக்கு ஒன்பது வயது. விடியற்காலைப் பெரட்டு. எஸ்டேட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆளெல்லாம் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் நேரம். முந்தின நாள் மழைக்குச் சிலர் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள். துரை வந்து கேட்டாராம்: "யார் இதற்குத் தலை?" கமலவேணியின் அப்பா ஓர் அடி முன்னால் வந்து, "நான்தான் துரை" என்றாராம். மறுநாள் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குடும்பமே கேட்டைத் தாண்டியது. "அன்னையிலேருந்து யாராச்சும் தலை யாருன்னு கேட்டா, என் வாயில இல்லைன்னுதாண்ணே வருது. நானா சொல்றதில்ல. அதுவா வருது" என்றார்.

தாய்மார்களே, பெரியோர்களே, நம்மில் எத்தனை பேருக்கு அது தானாக வருகிறது? யார் தலை என்றால் கங்காணியைக் கேளுங்கள். யார் சொன்னது என்றால் கணக்கெழுதும் கிராணியைக் கேளுங்கள். தலையைக் காட்டினால் வேலை போகும் என்ற ஏற்பாட்டில் வளர்ந்தவர்கள், தலையை மறைக்கப் படித்தோம். அதில் நாம் பட்டதாரிகள்! அப்படி மறைத்த இடத்தில் ஒருவர் வந்து தலை எண்ணினால் கணக்கு என்ன வரும்? சுழி! சுழி வந்ததும் என்ன எழுதுவார்கள்? இவர்களுக்குத் தலைமை தாங்கத் தெரியாது! அதை யார் படிப்பார்கள்? கடை கொடுக்கும் ஆபீஸ்! கடை கிடைக்காதவள் எங்கே போவாள்? திரும்பவும் பால்மரத்துக்கு! அங்கே போய் என்ன படிப்பாள்? தலையை மறைக்க! இப்படி ஒரு சக்கரம் சுற்றுகிறது, அதற்கு மின்சாரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

நான் நேரே தம்பி தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். மூன்று மைல், ஓட்டமாய் ஓடினேன். சைக்கிளில்தான் போனேன், ஆனால் சைக்கிள் ஓடியது. "தம்பி, என்ன எழுதிட்டீங்க?" என்றேன்.

"மாமா, நான் கேட்டதுக்கு அவங்க சொன்னதத்தான் எழுதினேன். ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல" என்றார்.

"உங்க கேள்வி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அங்க பெரட்டு வந்து நின்னுடுச்சு தம்பி. அத எழுதினீங்களா?"

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். பிறகு சொன்னார், இது என் மனதில் கல்லில் வெட்டினாற்போல் இருக்கிறது: "மாமா, தாள்ல இல்லாத கேள்விய நான் கேட்டா என் வாத்தியார் ஏத்துக்கமாட்டார். கட்டத்துல அடங்காத பதிலோட போனா, போய்த் திருப்பி எழுதிட்டு வான்னுடுவார். எனக்குப் படிப்பு உதவி நின்னுடும்."

அட! நான் என்ன நினைத்து வந்தேன்? படித்தவர், பேனா பிடித்தவர், அவருக்கு ஏது பயம் என்று நினைத்து வந்தேன். பார்த்தால் அவருக்கும் ஒரு துரை! அவருக்கும் ஒரு பெரட்டு! கமலவேணி வாயில் 'இல்லை' வருவது போல, இந்தப் பிள்ளை பேனாவிலும் அது வருகிறது. தொழில் செய்பவரை வளைக்கிற ஏற்பாடு, தொழிலை ஆராய்பவரையும் வளைக்கிறது. இதை எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? காஜா பெராங்கில், ஆறிப்போன கோப்பியின் பக்கத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்!

ஆனால் தம்பிக்கு ஒரு கை தட்டுங்கள். கேட்கவில்லை, இன்னும் தட்டுங்கள். ஏனென்றால் மறுநாள் காலை அவர் தாள் இல்லாமல் வந்தார். வெறுங்கையோடு வந்து, மிளகாய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். எழுந்தபோது எரிச்சலில் எப்படி நடந்தார் என்பதை இந்தச் சபையில் சொல்லமாட்டேன். மூன்று காலை உட்கார்ந்தார். கேட்கவில்லை, பார்த்தார். பார்த்ததில் ஒன்றைக் கண்டுகொண்டார். மில்லில் ஒரு பெரிய சல்லடை இருக்கிறது. அரைத்த தூள் எல்லாம் அதில் சலித்த பிறகுதான் வெளியே போகும். சல்லடை யார் கையில் இருக்கிறதோ, அவர் சரி என்றால் சரி, திரும்ப அரை என்றால் திரும்ப அரைக்க வேண்டும். கமலவேணியானாலும் சரி, வேறு யாரானாலும் சரி, மறுபேச்சு இல்லை.

பிறகு ஆபீஸிலிருந்து அதிகாரி நேரில் பார்க்க வந்தார். தம்பிதான் கெஞ்சி அழைத்து வந்தார். கொட்டகையில் எட்டுப் பேரும் சுவரோடு சுவராய் நிற்கிறார்கள். அதிகாரி நெடி தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இன்றைக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால்? தம்பி முதலாளி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. சாதாரணமாகக் கேட்டார்:

"அக்கா, மிளகா ஈரமா வந்தா யார் திருப்பி அனுப்புவா?"

ஏழு விரல் நீண்டது! ஏழும் ஒரே பக்கம்! எட்டாவது ஆள் அஞ்சலை, அவர் கையில் சல்லடை. விரல் நீட்ட அவருக்குக் கை இல்லை, ஆனால் வாய் இருந்ததே!

"நான்தான் அனுப்புவேன்! போன செவ்வாக்கிழமை செங் ஊர்லேருந்து வந்தவன் மூட்டைய அப்படியே திருப்பி விட்டேன். ஈரம், அதோட கல்லு வேற. எங்க தூள்ல கல்லு இருந்தா யார் வாங்குவா? ஏன், அவன் வந்து உங்ககிட்ட சொல்லி அழுதானா?"

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார்! வந்த சரக்கைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்துக்கு ஏழு பேர் அடங்குகிறார்கள். வாங்குகிறவரை நினைத்து அது நடக்கிறது. இதற்குப் பெயர் நிர்வாகம் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் நிர்வாகம்? கேள்வி மாறியது, பதில் மாறியது. பெண்கள் மாறவில்லை ஐயா, பெண்கள் நாலு வருடமாய் அதேதான்!

அதிகாரி அடுத்து ஒன்று கேட்டார். "இந்தச் சல்லடை இவர் கைக்கு எப்படி வந்தது? இதற்கு ஏதாவது விதி உண்டா?" எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது எழுந்தவன் யார்? நான்! எழுந்து சொன்னேன்: "உண்டு ஐயா. வெள்ளிக்கிழமைதோறும் சாமி விளக்கு ஏற்றி, மூத்தவர் முதல் இளையவர் வரை முறைவைத்துச் சல்லடை கைமாறும். அந்த வாரத்துக்கு அவரே பொறுப்பு." அதிகாரி எழுதினார். முறை என்று எழுதினார், விதி என்று எழுதினார். ஐந்தாம் வாரம் கடிதம் வந்தது. ஐந்தாம் நம்பர் கடை! முதலாளி என்ற கட்டத்தில் எட்டுப் பேர் பெயரும் இருக்கிறது. கட்டம் சிறியது, ஓரத்தில் ஒட்டுக் காகிதம் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

கமலவேணி குருபோங் போகவில்லை. பிள்ளைகள் மூன்றும் அதோ, பந்தல் கம்பத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பந்தல் விழாமல் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு முடித்துவிட்டு வாழ்க என்று சொல்லி இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய தம்பி சேதுராமன் ஒரு செய்தி சொன்னார். அவருடைய ஆராய்ச்சி அச்சாகப் போகிறதாம். அதில் நம் மில்லைப் பற்றித் தனி அத்தியாயமாம். 'வெள்ளிக்கிழமை முறை' என்று தலைப்பாம். இனிமேல் கிளேபாங்கிலும் செங்கிலும் சேர்ந்து தொழில் செய்யும் பெண்கள் கடை கேட்டால், இப்படி ஒரு முறை உங்களிடம் உண்டா என்று ஆபீஸ் கேட்குமாம். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நாளைக்குச் செங்கில் ஒரு பெண்ணிடம் தாள் நீட்டுவார்கள். "உங்களுக்கு வெள்ளிக்கிழமை உண்டா?" அவள் இல்லை என்பாள். இல்லை என்று எழுதுவார்கள். பிறகு அவள் எங்கே போவாள்? குளிர்நாட்டுக் கோட்டைக் குறை சொன்னேனே, அவளுக்கு நானே ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டேனே!

தம்பி சேதுராமா, பென்சிலை எடுங்கள். வெள்ளிக்கிழமை கிடையாது. விளக்கு கிடையாது. மூத்தவர் இளையவர் முறை கிடையாது. அது நான் சொன்னது. அந்த நிமிடத்தில் எழுந்து நின்றபோது என் வாயில் வந்தது.

அங்கே உண்மையில் நடப்பது சண்டை. காலையில் வந்ததும் ஒருத்தி முந்தின நாள் தூளை விரலில் தொட்டுப் பார்த்து, "இது தூளா, மண்ணா?" என்பாள். உடனே சல்லடை வைத்திருப்பவள், "அவ்வளவு தெரிஞ்சவ நீயே புடி!" என்று அவள் கையில் திணிப்பாள். குறை சொன்னவள் கையில் சல்லடை. அவளைக் குறை சொல்ல இன்னொருத்தி வரும்வரை அவள்தான் பொறுப்பு. சில சமயம் ஒரு நாள், சில சமயம் ஒரு மாதம். அதிகாரி முன்னால் சண்டை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நம் பெண்களைப் பார்த்துச் சிரிப்பாரோ என்று, சண்டைக்கு ஒரு வெள்ளிக்கிழமையைச் சாத்தினேன்.

என்ன அஞ்சலை? எழுந்துவிட்டீர்கள். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா மாமா! ஆபீஸ்காரர் மறுபடி பார்க்க வருவாருன்னு நாலு வெள்ளிக்கிழமை விளக்கு வச்சு நடிச்சோமே!" என்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்த நாலு வெள்ளிக்கிழமையும் நான் சுண்டல் சாப்பிட்டதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடையைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று ஐயா மெதுவாகக் கேட்கிறார். நாளைக் காலை நானே ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன் ஐயா. யார் சொன்ன பொய் என்று கேட்டால், ஓர் அடி முன்னால் வந்து, நான்தான் என்பேன். அந்த ஏழு விரல் நான் சொல்லிக் கொடுத்தது அல்ல, திருப்பி அனுப்பிய மூட்டை நான் கட்டியது அல்ல. அவை எழுதிய இடத்திலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமையை மட்டும் அடித்துவிடுங்கள் தம்பி. அதற்குப் பக்கத்தில் சண்டை என்று எழுதுங்கள். உங்கள் வாத்தியார் ஏற்றுக்கொள்ளாவிட்டால், மூன்று காலை மிளகாய்ச் சாக்கில் வந்து உட்காரச் சொல்லுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுத்துக்கொண்ட எட்டுத் தாய்மார்களுக்கும், பதினைந்து நிமிடத்தை நாற்பதாக்கியும் மணி அடிக்காத தலைவருக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். பிள்ளையவர்களே, இதை மலாயில் எப்படிச் சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டின்போது சொல்கிறேன். அனைவருக்கும் வணக்கம்.